அரைக் கட்டை இறங்கிய நாயனம்

1990ஆம் ஆண்டு ஆனி மாதம் போர் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. ஒரு கிழமையில் வரும், ஒரு மாதத்தில் வரும் என்று ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தோம். ஆண்டுக் கணக்காக அது வரவில்லை. மின்குமிழ் தொங்கிய இடத்துக்குக் கீழே, ஜாம் போத்தலில் திரியிட்ட விளக்கு வந்து அமர்ந்தது. வானொலிக்குப் பற்றரி இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்று. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையினாற் சுற்றி, டைனமோ தரும் மின்னோட்டத்திலே செய்தியும் பாட்டும் கேட்ட தலைமுறை ஒன்று எம்மிடையே உண்டு. இதனை வாசிப்போருட் பலர் அத்தலைமுறையைச் சேர்ந்தவர்களாகவே இருப்பர்.

அந்த நாள்களிலேதான் எங்கள் வீட்டுப் பரணிலிருந்து அப்பாவின் கிராமபோன் கீழே இறங்கிற்று.

அது கறுப்புத் துணி போர்த்த சிறு பெட்டி. மூடியின் உட்புறத்தே, கிராமபோனின் குழாயை உற்றுக் கேட்கும் நாயின் படம். அரசாங்க எழுதுவினைஞராகக் கொழும்பிலே பணியாற்றிய காலத்தில், 1948இல், அப்பா அதனைப் புறக்கோட்டையில் வாங்கினார். மின்சாரம் என்ற சொல்லே அதற்கு வேண்டியதில்லை. பக்கவாட்டில் ஒரு கைபிடி. அதனைச் சுற்றினால் உள்ளேயுள்ள சுருள்வில் முறுகும். தடையை விடுவித்தால் சுழல்தட்டுச் சுற்றும். ஊசியை வைத்தால் பாட்டு. உலகம் முழுவதும் இருண்டு கிடந்தாலும் அது பாடும். முதல்நாள் மாலை அதனை விறாந்தையில் வைத்து ஓடவிட்டபோது, அயல்வீட்டுப் பிள்ளைகள் வேலியின் பொட்டால் நுழைந்து வந்து, 'மாஸ்ரர், இதுக்குள்ளை பற்றரி எங்கை இருக்குது?' என்று கேட்டனர். இல்லை என்றேன். அவர்கள் நம்பவில்லை.

அப்பா 1979இல் காலமாகும்வரை அந்த இயந்திரத்தை அவரன்றி வேறெவரும் தொட்டதில்லை. நவராத்திரி முடிவில், புத்தகங்களுக்குப் பொட்டிடும் நாளிலே, அவர் கிராமபோனின் சுழல்தட்டைக் கழற்றுவார். தையல் இயந்திரத்துக்கு விடும் மெல்லிய எண்ணெய் சிறு தகர டப்பாவில் அவரிடம் இருந்தது. ஊசிமுனையில் ஒரு துளியை ஏந்தி, உள்ளே எங்கோ வைப்பார். ஒரு துளி; இரண்டாவது துளி இல்லை. நான் அருகிற் குந்தியிருந்து பார்த்ததுண்டு. எங்கே வைக்கிறார் என்று பார்த்ததில்லை. வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் உள்ள திருகின் அருகே, ஊசியினாற் கீறிய ஒரு நுண்ணிய கோடு இருந்தது. திருகின் சுட்டி அந்தக் கோட்டுக்கு நேரே நிற்கவேண்டும் என்பது வீட்டுச் சட்டம்.

நானோ பௌதிகம் கற்பிக்கும் ஆசிரியன். உராய்வு, பிசுக்குமை, மையநீக்கவிசை ஆகியவற்றை இருபதாண்டுக் காலம் கரும்பலகையில் எழுதி அழித்தவன். எனவே, பரணிலிருந்து இறங்கிய இயந்திரம் கிறீச்சிட்டபோது, அதனைச் செப்பனிடும் தகுதி ஊரிலே எனக்கே உண்டு என்று எண்ணியதில் வியப்பில்லை. எண்ணெய்தான் இல்லை. தையல் இயந்திர எண்ணெய் கடைகளிற் கிடையாது. கிடைத்தாலும் ஓர் ஆசிரியனின் சம்பளத்துக்கு எட்டாது. வீட்டிலே தேங்காயெண்ணெய் இருந்தது. அம்மா தலைக்கு வைப்பதும் அதுவே, சுவாமி விளக்குக்கு விடுவதும் அதுவே. தாராளமாக விட்டேன். கிறீச்சொலி அக்கணமே நின்றது. என் புலமையில் எனக்கிருந்த நம்பிக்கை பன்மடங்கு பெருகிற்று.

ஊசிகளைப் பற்றியும் இங்கே சொல்லவேண்டும். 78 சுற்று இசைத்தட்டு அரக்கினால் ஆனது. அரக்கோடு நுண்ணிய கற்பொடியும் கலந்தே அதனை வார்ப்பர். சுழலும்போது அப்பொடி உருக்கு ஊசியின் முனையை அராவி, வரிப்பள்ளத்தின் வடிவுக்கு அதனைப் பொருத்திவிடும். ஒரு பக்கம் முடிவதற்குள் முனை தேய்ந்து கூர்விளிம்பு பெறும். அதே ஊசியை மறுபக்கத்துக்கும் வைத்தால், இம்முறை அரைபடுவது ஊசியன்று, இசைத்தட்டே. ஒலிப்பெட்டியின் பாரம் ஊசிமுனையிலே நூறு கிராமுக்கும் மேலாக அழுத்துகிறது என்பதையும் சேர்த்து எண்ணுக. ஆகவே பக்கத்துக்கு ஓர் ஊசி என்பது விதி. அப்பா விட்டுச்சென்ற ஊசிப்பெட்டி இரண்டு மாதத்திலே தீர்ந்தது. பிறகு நாகதாளி முள்ளை நறுக்கி ஊசியாக்கினோம். இதனை நான் கண்டுபிடித்தேன் என்று மாணவரிடம் பெருமையடித்ததுண்டு. உண்மையில் 1930களிலேயே இங்கிலாந்தின் இரசிகர்கள் கள்ளியின் முள்ளையும் மூங்கிற் சிம்பையும் ஊசியாகப் பயன்படுத்தினர். முள் ஒலியைச் சற்று மங்கச்செய்யும். ஆனால் தட்டை வருத்தாது. என் கைங்கரியங்களுள் பழுதில்லாதது இது ஒன்றே.

இசைத்தட்டுகள் முப்பதளவில் இருந்தன. அவற்றுள் அம்மாவுக்கு உயிரானது திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் தோடி. அவருடைய தோடியைப் பற்றிப் புதிதாக எழுத என்னிடம் ஏதுமில்லை. அந்த இராகத்தையும் அவரையும் பிரித்து நினைக்க இயலாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அம்மா முறையாக இசை பயின்றவரல்லர். ஆயினும் பாட்டனார் வீட்டிலே ஓர் ஆர்மோனியம் இருந்ததாம். சிறுமியாக இருந்தபோது சில ஆண்டுகள் அதன் கட்டைகளோடு சேர்ந்து பாடியிருக்கிறார். பிற்காலத்தில் அதனைக் கறையான் அரித்துவிட்டது. கட்டைக் கணக்கு மட்டும் அவர் செவியிலே நின்றுவிட்டது. கோயிற் திருவிழாவில் நாயனக்காரர் சீவாளியை நனைத்து முதல் ஊதலை ஊதியவுடனேயே, 'இண்டைக்கு இரண்டரை' என்று சொல்லுவார்.

1993ஆம் ஆண்டு மார்கழியில் ஒரு விடியற்காலை. திருவெம்பாவைக் காலம். அம்மா சாய்மனைக் கதிரையில் இருந்தார். கண்பார்வை அப்போது வெகுவாகக் குன்றியிருந்தது. தோடியைப் போடச் சொன்னார்; போட்டேன். சிறிது நேரம் கேட்டிருந்தவர் சொன்னார்:

'தம்பி, இது அவற்றை நாயனம் இல்லை.'

'அம்மா, அதே தட்டுத்தானே. நாயும் மாறேல்லை, பேரும் மாறேல்லை.'

'ராசரத்தினம்தான். ஆனா அரைக் கட்டை இறங்கிப்போச்சு. ஆருக்கோ சுகமில்லாத மாதிரிக் கிடக்கு.'

இங்கேதான் என் புலமை மேடையேறிற்று. திமிரி என்னும் குட்டை நாயனம், பாரி என்னும் நெட்டை நாயனம் ஆகிய இரண்டின் வேறுபாட்டையும் சில காலத்துக்கு முன் ஒரு நூலிலே படித்திருந்தேன். முன்னாளில் வழங்கியது உச்ச சுருதியுடைய திமிரி. நரசிங்கம்பேட்டை ஆசாரியாரைக் கொண்டு, நீண்டதும் சுருதி தாழ்ந்ததுமான பாரியைச் செய்வித்து அரங்கேற்றியவர் இராஜரத்தினம் பிள்ளை. இதையெல்லாம் அம்மாவுக்கு விளக்கினேன். 'அவர் வாசிச்சது பாரி, அம்மா. பாரிக்குச் சுருதி குறைவு. அதுதான் அப்பிடிக் கேக்குது. ஊர்க் கோயிலிலை நீங்கள் சின்னனிலை கேட்டது திமிரியாய் இருக்கும்.'

அம்மா உடனே மறுமொழி சொல்லவில்லை. பிறகு சொன்னார்: 'பாரியோ திமிரியோ எனக்குத் தெரியாது. கொப்பர் போடேக்கை இப்பிடிக் கேட்டதில்லை.'

முதுமையிற் கண் மங்குவது போலவே செவியும் மங்கும் என்று நான் முடிவுகட்டினேன். திருகின் சுட்டி அப்பாவின் கோட்டுக்கு நேரே நின்றது. அதனைப் பார்த்துத் தெளிந்தேன். அதன் பின்னும் சில தடவை அம்மா தோடியைக் கேட்டார். சுருதியைப் பற்றி மறுபடி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நாள் செல்லச் செல்ல, கேட்பதையும் விட்டுவிட்டார். 'வேண்டாம் தம்பி, சத்தம் தலைக்குள்ளை நிக்குது' என்பார். 1995ஆம் ஆண்டு மாசி மாதம் அவர் காலமானார். அதே ஆண்டு ஐப்பசி 30ஆந் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் பெயர்ந்து நடந்தது. சைக்கிளில் ஏற்றக்கூடியவற்றுள் கிராமபோன் இல்லை. மறு ஆண்டு சித்திரை கழிந்து திரும்பிவந்தபோது ஓடுகள் உடைந்திருந்தன. இசைத்தட்டுகளிற் பாதி நொறுங்கிக் கிடந்தன. பெட்டி பரணிலே, பனையோலைப் பாய்க்குள் சுற்றியபடி அப்படியே இருந்தது. தோடியும் உடையவில்லை. ஆனால் அதனைத் திறந்து போட எனக்கு மனம் வரவில்லை.

2002ஆம் ஆண்டு சித்திரையில் ஏ9 வீதி திறந்தது. கொழும்பிலிருந்து வந்த பழைய மாணவர் ஒருவர் எனக்கு இரண்டு பொருள் கொண்டுவந்தார். ஒன்று, ஒரு பெட்டி உருக்கு ஊசி. மற்றையது, கடதாசியில் அச்சிட்ட ஒரு வட்டத்தட்டு. அதன் விளிம்பைச் சுற்றிக் கறுப்புக் கோடுகள், எண்ணிப்பார்த்தால் 77. வேகத்தை அளக்கும் தட்டு அது. நமது நாட்டு மின்சாரத்தின் மீடிறன் 50. ஆடலோட்டம் ஒவ்வோர் அலையிலும் இருமுறை உச்சம் காண்பதால், குழல்விளக்கு ஒரு விநாடியில் 100 தடவை மினுங்குகிறது; நிமிடத்துக்கு 6,000. இதனை 77ஆல் வகுத்தால் ஏறத்தாழ 78. தட்டு அந்த வேகத்திற் சுற்றினால், ஒவ்வொரு மினுக்கத்துக்கும் ஒரு கோடு இருந்த இடத்தில் அடுத்த கோடு வந்து நிற்கும். ஆகவே கோடுகள் அசையாமல் நிற்பன போலத் தோன்றும். வேகம் குறைந்தால் அவை பின்னோக்கி ஊரும். கூடினால் முன்னோக்கி ஊரும். அப்பா 1948இல் தம் கோட்டைக் கீறியது இத்தகைய தட்டொன்றை வைத்தே என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

பெட்டியைத் திறந்தேன். தடையை விடுவித்தேன். நான் சாவி கொடுக்கவில்லை. ஆயினும் சுழல்தட்டு மெல்ல அசைந்து, மூன்று சுற்றுச் சுற்றி நின்றது. கடைசியாகக் கொடுத்த சாவி ஏழாண்டுக்கு மேலாக வில்லிலே கிடந்திருக்கிறது. அது அம்மாவுக்காகக் கொடுத்த சாவி. வில்லை முறுகிய நிலையில் வைத்துப் பெட்டியை மூடக்கூடாது என்பது முதற் பாடம். அதைக்கூட நான் செய்திருக்கவில்லை.

பிறகு முழுச் சாவி கொடுத்து, தோடியை ஏற்றி, புதிய ஊசியை வைத்து, கோட்டுத்தட்டை நடுவிலே பொருத்திக் குழல்விளக்கின் கீழ்ப் பார்த்தேன். கோடுகள் பின்னோக்கி ஓடின. ஊரவில்லை, ஓடின. தட்டின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் காகிதத் துண்டை ஒட்டி, கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணினேன். 73 சுற்று, சற்றுக் கூட. மறுபடியும் எண்ணினேன். 73.

கணக்கு எளியது. சுற்றின் வேகம் எந்த விகிதத்திற் குறைகிறதோ அந்த விகிதத்திலே சுருதியும் தாழும். ஆர்மோனியத்தில் அடுத்தடுத்த இரு கட்டைகளின் இடைவெளி, மீடிறனில் ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு. நமது வழக்கிலே அதனை அரைக் கட்டை என்போம். 78இல் நூற்றுக்கு ஆறு போனால் 73 சொச்சம்.

காகிதத் துண்டு, கைக்கடிகாரம், ஒரு நிமிடம். இதற்கு மின்சாரம் வேண்டியதில்லை. ஏ9 வீதி திறக்க வேண்டியதில்லை. 1993இல் இம்மூன்றும் என் வீட்டிலே இருந்தன.

மறுநாள் சந்தியிலே சைக்கிள் திருத்தும் அன்பரை அழைத்துவந்தேன். கிராமபோன் திருத்தியவரல்லர் அவர். ஆனால் குண்டும் கிறீசும் அவர் கையிலே பிறந்தவை. இருவருமாகச் சுழல்தட்டைத் தூக்கி, பலகையின் திருகாணிகளைக் கழற்றி, இயந்திரத்தைத் தலைகீழாக மேசையிற் கிடத்தினோம். அதனை முதன்முறையாக முழுமையாகப் பார்த்தேன்.

அதன் அமைப்பு அழகானது. ஒரு புறத்தே வட்டக் கூடு. அதனுள் முழங்கணக்கிலே நீண்ட உருக்கு நாடா சுருண்டு கிடக்கிறது. கூட்டின் பற்சக்கரம் சுழல்தட்டின் அச்சைச் சுற்றுகிறது. அந்த அச்சின் கீழ்முனை ஒரு சிறு கிண்ணத்தில் நின்று சுழல்கிறது. தட்டின் பாரம் முழுவதையும் தாங்குவது அந்தக் கிண்ணமே. அச்சிலிருந்து, திருகுபுரி வெட்டிய மெல்லிய தண்டு ஒன்றுக்கு வேகம் மாறுகிறது. அந்தத் தண்டிலேதான் இயந்திரத்தின் அறிவு இருக்கிறது. கவர்னர் என்பர். மூன்று மெல்லிய வில்தகடுகள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சிறு குண்டு. தகடுகளின் ஒரு முனை தண்டிலே இறுக்கப்பட்டது. மறுமுனை தண்டின்மேல் வழுக்கி நகரும் ஒரு தகட்டுவட்டில் இணைந்தது. தண்டு சுழல, குண்டுகள் மையத்தைவிட்டு விலகி வெளியே விரியும். விரிய விரியத் தகட்டுவட்டு உள்ளே இழுபட்டு, கம்பளித் துண்டு ஒன்றிலே உரசும். உரசல் வேகத்தைத் தடுக்கும். வில் எவ்வளவு முறுகியிருந்தாலும், எவ்வளவு தளர்ந்திருந்தாலும், வேகம் ஒன்றாய் நிற்பது இதனால். வேகத் திருகு செய்வதெல்லாம், அந்தக் கம்பளித் துண்டைச் சற்று முன்னே தள்ளுவதும் பின்னே இழுப்பதுமே. ஜேம்ஸ் வாட் நீராவிப் பொறிக்கு வைத்த சுழற்குண்டுகளை ஒவ்வோராண்டும் கரும்பலகையிலே வரைந்தவன் நான். அவற்றின் ஒன்றுவிட்ட தம்பி என் வீட்டுப் பரணிலே கிடந்தது.

கம்பளித் துண்டைச் சைக்கிள் அன்பர் நகத்தாற் சுரண்டினார். பச்சை நிறமாக, மெழுகு போல ஏதோ வந்தது. மூக்கருகே கொண்டுபோனார்.

'மாஸ்ரர், இதுக்கு ஆர் தேங்காயெண்ணெய் விட்டது?'

'வீட்டிலை ஆரோ' என்றேன்.

அவர் மேலே கேட்கவில்லை. அந்த வீட்டில் அப்போது இருந்தவர்கள் இரண்டே பேர், அவருள் ஒருவர் இறந்துவிட்டார் என்பதை நான் அதன் பின்பே நினைத்தேன்.

தேங்காயெண்ணெய் குற்றமுள்ள பொருளன்று, இடந்தான் குற்றம். வாடைக்காலத்து விடியற்காலையில் அது போத்தலுக்குள் உறைந்து வெண்ணிறமாய் நிற்பதை நாம் அறிவோம். ஏறத்தாழ 24 பாகை செல்சியசிலே அது உறையும். திருவெம்பாவைக் குளிரிலே அது போத்தலில் மட்டுமா உறைந்தது? அன்றியும், நாட்பட நாட்பட அது காறிப் புளிக்கிறது. புளித்த எண்ணெயின் அமிலம் பித்தளையை அரித்துப் பச்சை மெழுகாக்குகிறது. அந்த மெழுகும் தூசியும் ஊறிக் கம்பளித் துண்டு பருத்துவிட்டது. பருத்த துண்டைத் தகட்டுவட்டு முன்கூட்டியே தொட்டுவிடுகிறது. திருகின் சுட்டி அப்பாவின் கோட்டுக்கு நேராகவே நின்றாலும், உள்ளே துண்டு முன்னே தள்ளப்பட்டது போன்ற நிலைதான். வெளியே 78, உள்ளே 73. கரும்பலகையில் நான் எழுதிய பிசுக்குமை என்னும் சொல்லை விரலாற் தொட்டுப் பார்த்தது அன்றுதான்.

அன்று முழுநாளும் கழுவலிலே சென்றது. இத்தகைய இயந்திரம் வைத்திருப்போர் சிலர் இன்னும் இருக்கலாம் என்பதால் சிறிது விரித்துச் சொல்கிறேன். எதற்கும் முன்னே வில்லை முற்றாகத் தளரவிடவேண்டும். முறுகிய வில்லோடு கவர்னரைக் கழற்றினால், தடுப்பாரற்ற சக்கரங்கள் கணப்பொழுதிலே ஒன்றையொன்று கடித்துப் பல்லிழக்கும். விரல் இடையில் இருந்தால் விரலும் போகும். வில்லின் கூட்டைத் திறப்பது அதனினும் கடினம். தளர்ந்த பின்னும் உருக்கு நாடா பாம்பு போலச் சீறி வெளியே பாயும். அன்பர் இரு கையிலும் சாக்குத் துணி சுற்றிக்கொண்டு, சுற்றுச் சுற்றாக அதனை வெளியே எடுத்தார். பழைய கிறீஸ் தார் போல இறுகிச் சுற்றுகளை ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. இப்படி ஒட்டிய வில் சீராக விரிவதில்லை. திடீர் திடீரென்று விடுபடும். பாட்டின் நடுவே பெட்டிக்குள் 'தொம்' என்று ஓர் ஒலி எழுவது இதனாலேயே. 'கனக்கச் சாவி குடுத்தா வில் அறும்' என்று பிள்ளைகளை நாம் உறுக்குவது வழக்கம். வில்லை அறுப்பது பெரும்பாலும் சாவியன்று. துருவும், இறுகிய கிறீசும், உருக்கின் முதுமையுமே.

எல்லா உறுப்புகளையும் மண்ணெண்ணெயிற் கழுவி, துணியால் ஒற்றி, வெயிலில் உலரவைத்தோம். வில்லுக்குப் பென்சிற்கரிப் பொடி கலந்த கிறீஸ். கனத்த அழுத்தத்திலே உருக்கின்மேல் உருக்கு வழுக்கவேண்டிய இடம் அது. எண்ணெய் மட்டும் நில்லாது. போகலையிலும் கஹட்டகஹாவிலும் நம் தீவு காலங்காலமாக வெட்டி ஏற்றுமதி செய்த பொருள் இந்தப் பென்சிற்கரி என்பதை அன்பருக்குச் சொன்னேன். 'அப்ப வெள்ளைக்காரன்ரை பெட்டிக்குள்ளை எங்கடை மண்ணும் கிடக்குது எண்டுறியள்' என்றார். அப்படியும் இருக்கலாம்.

பற்சக்கரங்களுக்கு மெல்லிய கிறீஸ். சுழல்தட்டின் அச்சு நிற்கும் கிண்ணத்துக்குச் சற்றுத் தடித்த எண்ணெய், இரண்டு மூன்று துளி. கவர்னர் தண்டின் இரு முனைக்கும், திருகுபுரிக்கும் தையல் இயந்திர எண்ணெய், ஒவ்வொரு துளி. தகட்டுவட்டு வழுக்கும் இடத்துக்கு அரைத் துளி. அங்கே அது சிக்கினால் வேகம் தள்ளாடும், நீண்ட சுரம் நடுங்கும். பழைய கம்பளித் துண்டை எறிந்துவிட்டு, அதே தடிப்பிலே புதிது ஒன்று வெட்டிவைத்தோம். அதற்கும் ஒரு துளி. உலர்ந்த துண்டு கிறீச்சிடும். 1990இல் எனக்குக் கேட்ட கிறீச்சொலி அதுதான். அப்பா ஊசிமுனையில் ஏந்திய துளி எங்கே போயிற்று என்பதும் தெரிந்தது. கூடுதலாக விட்டால், சுழலும் குண்டுகள் எண்ணெயை நாற்புறமும் தெறித்துப் பெட்டியை நாசமாக்கும். நான் விட்ட தேங்காயெண்ணெயின் பச்சைத் தெறிப்புகள் பெட்டியின் உட்சுவரிலே வட்டமாகப் படிந்திருந்தன. அவற்றைத் துடைக்க அன்பர் துணியை எடுத்தார். நானே துடைக்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன்.

இசைத்தட்டையும் மென்மயிர்த் தூரிகையாற் துடைத்தேன். அரக்குத் தட்டுக்கு மதுசாரம் ஆகாது, கரைத்துவிடும். இதனையும் சொல்லிவைக்கிறேன், 'நன்றாகத் துப்புரவாக்கினேன்' என்று தட்டின் மேற்பரப்பையே துடைத்தெறிந்த நண்பர் ஒருவர் எனக்கு உண்டு.

மாலையில் எல்லாவற்றையும் பூட்டி, சுட்டியை அப்பாவின் கோட்டுக்கு நேரே நிறுத்தி, சாவி கொடுத்து, ஊசியை வைத்தேன். குழல்விளக்கின் கீழே கோடுகள் மிக மெல்ல முன்னோக்கி ஊர்ந்தன. புதிய துண்டு பழையதைவிட ஒரு மயிரிழை மெல்லிது போலும். திருகைச் சற்றுத் திருப்பினேன். கோடுகள் நின்றன.

தோடி எழுந்தது. அதனை எழுதிக்காட்ட எனக்கு இயலாது. ஒன்று மட்டும் சொல்வேன்: அதுவரை நான் நிதானம் என்று எண்ணியது சோர்வு. கம்பீரம் என்று மாணவருக்கு எடுத்துச்சொன்னது சோர்வு. சுரங்களைத் தொட்டுத் தொட்டு மேலே போகும் அந்தக் குழலின் அவசரத்தையும் ஆவேசத்தையும் நான் என் வாழ்நாளிலே அன்றுதான் கேட்டேன். சிறுவயதில் அப்பா போட்டபோது கேட்டிருப்பேன், அப்போது எனக்குச் செவி இருக்கவில்லை. பாரிதான், பாரியின் சுருதிதான். ஆனால் சுகமில்லாதவர் எவரும் அங்கே இல்லை.

ஊசி தட்டின் நடுவிற்கு வந்து சுற்றிக்கொண்டிருந்தது. தடையைப் போட நான் எழவில்லை. அன்பர்தான் எழுந்து போட்டார். 'நல்லாய் ஓடுது, மாஸ்ரர்' என்றார். அப்போது அவரிடம் சொன்னேன்: 'தேங்காயெண்ணெய் விட்டது நான்தான்.'

'அது அப்பவே தெரியும்' என்று சொல்லித் திருப்புளிகளைப் பைக்குள் வைத்தார்.

அம்மாவின் சாய்மனைக் கதிரை இன்னும் விறாந்தையிலே கிடக்கிறது. இப்போது நவராத்திரி முடிவிலே சுழல்தட்டைக் கழற்றுகிறேன். துளிக் கணக்கு மேலே சொன்னபடி. பாடி முடிந்ததும் வில்லைத் தளரவிட்டே மூடுகிறேன். குழல்விளக்கு மாறி வீட்டுக்குப் புதுவகை விளக்குகள் வந்துவிட்டன. அவற்றின் கீழே கோடுகள் சரியாகத் தோன்றுவதில்லை. ஆகவே காகிதத் துண்டையும் கைக்கடிகாரத்தையுமே நம்புகிறேன். ஊசியைத் தட்டின்மேல் வைத்தபடி எண்ணவேண்டும். வெறுந்தட்டை எண்ணினால் கணக்குப் பொய்க்கும். போன மார்கழியிலே, குளிர் சற்றுக் கூடிய ஒரு விடியற்காலை எண்ணியபோது 77 வந்தது. திருகை ஒரு நூலளவு திருப்பி, மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.